எண்ணெய் தேய்த்த தலையும் பொடுகும்

எள்ளின் நெய்யே எண்ணெய். தமிழகத்தில் தலைக்கு எண்ணெய் என்றால் பெரும்பாலும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்தான். தென்னை செழித்த மலையாளக் கரையில் தேங்காயெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. சனிக்கிழமை நீராடச் சொல்லும் ஆத்திசூடி அடியை எண்ணெய்க் குளியல் என்றே வழிவழியாகக் கொண்டார்கள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது வழக்கம். சித்த மருத்துவமோ நான்கு நாளுக்கு ஒருமுறை முழுகச் சொன்னது.

அந்தக் குளியலில் எண்ணெய் வைப்பது பாதி வேலைதான். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, சிறிது நேரம் ஊறிய பிறகு, வடிகஞ்சியில் கரைத்த சீயக்காயையோ உசில மரத்து இலைத்தூளான அரப்பையோ போட்டு, வெந்நீர் விட்டு எண்ணெய் போக அலசினார்கள். சீயக்காயில் உள்ள சபோனின் நுரைத்து, எண்ணெயோடு அழுக்கையும் செதிலையும் இழுத்துக்கொண்டு போகும். பொடுகுத் தலைக்கு இந்தப் பழக்கம் செய்த நன்மையில் பெரும்பங்கு இந்த அலசலுக்கே உரியது என்று கொள்ளலாம்.

பொடுகுக்கென்று தனித் தைலங்களும் இருந்தன. வாய்க்கால் ஓரங்களில் படர்கிற பொடுதலையின் சாற்றை எண்ணெயில் காய்ச்சினார்கள். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக மாறும்; செதில் உதிரும் படைகளுக்கெல்லாம் அதைப் பூசினார்கள்.

1874-இல் பிரான்சின் லூயி மலாசே பொடுகுச் செதிலில் ஒரு பூஞ்சையைக் கண்டு விவரித்தார். மலாசீசியா என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அது எல்லார் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் முடியாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைச் சிதைத்தே உண்கிறது. மிஞ்சும் ஓலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்த, செல்கள் அவசரமாகப் பெருகிச் செதிலாக உதிர்கின்றன. ஆய்வகங்களில் இதை வளர்க்க ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது பழைய முறை. நல்லெண்ணெயின் கொழுப்பிலும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓலியிக் அமிலமே.

இருபதாம் நூற்றாண்டில் குளியல் மாறியது. சோப்பு வந்தது, கடலூர் சின்னி கிருஷ்ணன் வழிகாட்டிய சிறு பாக்கெட்டுகளில் ஷாம்பு பெட்டிக்கடை வரை வந்தது, 1983-இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். வாராந்தர எண்ணெய்க் குளியல் பல வீடுகளில் தீபாவளியோடு நின்றது. காலையில் எண்ணெய் தடவிச் சீவி, அப்படியே வேலைக்குப் போகும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. தடவிய எண்ணெய் செதிலை மயிரோடு ஒட்டவைப்பதால் பொடுகு குறைந்தாற்போலத் தோன்றும். அடியில் பூஞ்சைக்குத் தீனி சேர்ந்துகொண்டிருக்கும். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையிலேயே தங்கவிட வேண்டாம் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தடித்து ஒட்டிய செதிலை இளக்க வேண்டுமானால், குளிப்பதற்குச் சற்று முன் தடவி, கீட்டோகோனசோல் அல்லது துத்தநாகப் பைரித்தியோன் கலந்த ஷாம்பு போட்டு முழுதும் அலசிவிடுவது வழி.