மண்ணுள் வாழும் மாவேலித் தவளை



மணலுள் புதைந்து வாழும் தவளையைப் பழந்தமிழர் நுணல் என்று அழைத்தனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிருக்கும் பெயரிட்டு வழங்கிய கூரிய பார்வை அவர்களுக்கு இருந்தது. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுள் பன்னெடுங்காலமாக வாழ்ந்துவரும் தவளை ஒன்றை அறிவியல் உலகம் 2003-ஆம் ஆண்டு வரையில் அறிந்திருக்கவில்லை. அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இவ்வரலாறு பிள்ளையிலிருந்து தொடங்குகிறது. தாய் நெடுங்காலம் கழித்தே வருகிறாள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக விளங்கிய நெல்சன் அன்னண்டேல், தென்னிந்திய மலைகளில் கிடைத்த தலைப்பிரட்டைகள் சிலவற்றைப் பற்றி 1918-ஆம் ஆண்டில் எழுதினார். அவற்றுள் ஒன்றின் வாய், பாறையைப் பற்றிக்கொள்ளும் உறிஞ்சியைப் போல் அமைந்திருந்தது. இது எந்தத் தவளையின் குஞ்சு? அன்று விடை கூறுவார் இல்லை.

எண்பத்தைந்து ஆண்டுகள் உருண்டோடின. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த புதுமையான தவளை ஒன்றை எஸ். டி. பிஜு, பிராங்கி பொசுயிட் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து, 2003 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழின் வாயிலாக உலகுக்கு அறிவித்தனர். ஊதா நிறம், உப்பிய உடல், சிறிய தலை, பன்றியினுடையதைப் போல் கூரிய மூக்கு. மூக்கைக் குறிக்கும் ‘நாசிகா’ என்னும் சொல்லையும், சஹ்யாத்ரி என்னும் மலையின் பெயரையும் சேர்த்து ‘நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். அன்னண்டேல் கண்ட தலைப்பிரட்டை இத்தவளையின் குஞ்சே என்பது பின்னர்ப் புலனாயிற்று. இன்னுமொரு வியப்பு உண்டு. இதன் நெருங்கிய உறவினர்கள் கடலுக்கு அப்பால் செய்செல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. அத்தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்த பழங்காலத்திற்கு இவ்வுறவு சான்று பகர்கிறது.

இத்தவளை இத்துணைக் காலம் எவ்வாறு மறைந்திருந்தது? ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியில் கழிக்கிறது. கறையானே அதன் உணவு. அதனையும் நிலத்தடியிலேயே தேடிக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் சில நாட்கள் மட்டும் இணை சேர்வதற்காக வெளியே வருகிறது. ஓடைப் பாறைகளின் இடுக்குகளில் முட்டையிட்டு மீண்டும் மண்ணுள் மறைகிறது. ஆண்டுக்கொரு முறை பாதாளத்திலிருந்து எழுந்தருளும் மாவேலி மன்னனை நினைந்து, கேரள மக்கள் இதனை மாவேலித் தவளை என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் வெள்ளத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு, அதன்மேல் படிந்த பாசியைச் சுரண்டி உண்டு வளர்கின்றன. ஓடை வற்றுமுன் அவை கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும். விரைந்தோடும் நீரே அவற்றின் தொட்டில். ஓடையின் குறுக்கே ஒரு சிறு தடுப்பணை எழுமாயின், ஓடும் நீர் தேங்கும் நீராகிறது. பாறைகள் சேற்றில் மூழ்குகின்றன. மனிதனுக்கு நன்மை தரும் அச்சிறு சுவரே இக்குஞ்சுகளுக்குக் கூற்றாகிவிடுகிறது.

அறிவியல் இதனை அறியாதிருந்த காலத்தில் மலைகளின் தோற்றமே மாறிற்று. காடுகள் காப்பி, தேயிலை, ஏலத் தோட்டங்களாயின, சாலைகள் குறுக்கிட்டன, ஆறுகளில் அணைகள் எழுந்தன. மழைக்காலத்தில் தலைப்பிரட்டைகளைத் திரட்டி உண்ணும் வழக்கமும் மலைவாழ் மக்கள் சிலரிடையே உண்டு. அவர்களைக் குறை கூறுவது முறையாகாது. நூலோர் அறியுமுன் இவ்வுயிரை அறிந்திருந்தவர்கள் அவர்களே. அவர்கள் துணையின்றி இதனைக் காப்பதும் அரிது. தவளை கண்டறியப்பட்ட மறு ஆண்டிலேயே, அதாவது 2004-இல், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் மலைத்தொடரின் வேறு பல இடங்களிலும் இது காணப்பட்டது. எனினும் ஓடைகளுக்கு நேரும் இடர் நீங்கிவிடவில்லை.

இவ்வரலாற்றின் அடுத்த பகுதி நம் தமிழ்நாட்டைச் சார்ந்தது. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த காட்டில், இதே குலத்தைச் சேர்ந்த இரண்டாவது தவளை 2017-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஊர்வனவற்றை ஆராய்ந்து 2014-இல் மறைந்த அறிஞர் பூபதியின் பெயரை அது தாங்கியுள்ளது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு எழுகிறது. நம் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்கு எழுகிறது. ஒரே மலை, இரு சரிவுகள், இரு மழைகள். எனவே ஒரு சரிவைக் காத்து மறு சரிவைக் கைவிடுவது போதுமான காவல் ஆகாது.

பெயரறியாத உயிரைக் காக்க ஒருவரும் முன்வருவதில்லை. எண்பத்தைந்து ஆண்டுக் காலம் நமக்கு அந்தச் சமாதானமேனும் இருந்தது. இன்று தாயையும் அறிவோம், பிள்ளையையும் அறிவோம். அவை நாடும் ஓடையையும் அறிவோம். இனி அவை மறையுமாயின், அறியாமையின்மீது பழி சுமத்த நம்மால் இயலாது.