வன்னி மண்ணை உழுத மசி பெர்குசன்

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் பூவரசங்குளம் போன்ற ஊர்களின் பெயரிலேயே குளம் இருக்கிறது. குளத்தை நம்பி வயல், வயலை நம்பிக் குடும்பம். இந்த ஒழுங்கினுள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகுந்தது உழவு இயந்திரம். எருமைகளும் எருதுகளும் செய்த சேற்றுழவும் சூடு மிதிப்பும் படிப்படியாக அதன் கைக்கு மாறின. வன்னியின் வரலாறு எழுதுவோர் பண்டாரவன்னியனை எழுதுகிறார்கள். இந்த இயந்திரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இதன் மூலவர் அயர்லாந்தில் 1884 இல் பிறந்த ஹரி பெர்குசன். முன்னைய இயந்திரங்கள் கலப்பையை வண்டிபோலப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை வேரிலோ கல்லிலோ சிக்கினால் இயந்திரம் முன்புறம் எழும்பிப் புரளும் அபாயம் இருந்தது. பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்துடன் இணைத்து, எண்ணெய் அமுக்கத்தினால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தார். மண்ணின் இழுவையே பின்சில்லுகளுக்குப் பிடிமானம் தந்தது. அதனால் பாரம் குறைந்த இயந்திரமும் ஆழ உழுதது. அவரது சாம்பல் நிற டி.ஈ.20, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 5 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது.

அதன் வழிவந்ததே சிவப்பு நிற மசி பெர்குசன் 35. 1959 முதல் அதற்கு மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. கொள்ளளவு சுமார் 2.5 லீற்றர், வலு சுமார் 37 குதிரைவலு, முன்னோக்கி 6 கியர், பின்னோக்கி 2. 1964 இன் இறுதியில் அறிமுகமான 135 இல் அதே குடும்ப என்ஜின் சுமார் 45 குதிரைவலு தந்தது. சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் இதே மரபிலேயே 1035 ஐத் தயாரித்தது.

சிறு வயற்காரருக்குக் கிடைத்தது இரு சில்லு 'லான்ட்மாஸ்ரர்'. 1950களில் அதனை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). எந்த நிறுவனத்தின் இரு சில்லு இயந்திரமானாலும் எமது மக்கள் அதனை அப்பெயராலேயே அழைப்பது அவர் அடைந்த வெற்றி. அதே மனிதர் பிற்காலத்தில், வெப்பவலய மண்ணை ஓயாது உழுவதே தவறு என்று வாதிட்டார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

1990களின் பொருளாதாரத் தடை இந்த இயந்திரங்களுக்கு வந்த பெருஞ்சோதனை. வன்னியின் பெரும்பகுதிக்குள் டீசலும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் செல்வது தடுக்கப்பட்டது. அவ்வேளையில் பழைய வடிவமைப்பின் எளிமையே கைகொடுத்தது. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லை. மின்கலம் செத்துப்போனாலும் தள்ளிவிட்டு இயக்கலாம். இயங்கியபின் மின்சாரம் தேவையில்லை. ஒரே குடும்ப என்ஜின் என்பதால் ஓடாத ஒன்றைக் கழற்றி ஓடும் ஒன்றைக் காப்பாற்றவும் முடிந்தது.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மக்களின் வீடாக இருந்தது உழவு இயந்திரத்தின் பெட்டிதான். முதியவர்களும் காயப்பட்டவர்களும் விதைநெல்லும் அதிலேயே பயணித்தனர். இறுதியில் மக்கள் வெறுங்கையுடன் செட்டிகுளம் முகாம்களை அடைந்தபோது, இயந்திரங்கள் கடற்கரையில் கிடந்தன. அவற்றோடு கூலி உழவின் வருமானமும் அடுத்த போகத்திற்கான முதலும் போயின.

இழந்த உயிர்களுக்கு முன்னால் இரும்பு பெரிதல்ல. ஆனால் ஒரு சமூகம் எவ்வாறு உழைத்து எழுந்தது என்பதற்கு அந்த இரும்பும் சாட்சி. 35 ஐயும் 135 ஐயும் ஓட்டிய, திருத்திய பெரியவர்கள் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். எந்த ஆண்டில் வாங்கினார்கள், எத்தனை ஏக்கர் உழுதார்கள், எங்கே கைவிட்டார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது இளையவர்களின் கடமை.