கிளிமீனின் அளவும் பாரின் நலமும்: மன்னார் வளைகுடாவை முன்வைத்து

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் 1986இல் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருக்கடியில். எஞ்சிய பார்களில் மேயும் நீலப்பட்டைக் கிளிமீனை (ஸ்காரஸ் கோபன்) மீன்பிடித் தடைக்காலம் காக்காது. பெரிய மீனைப் பிடிக்காமல் விடும் உச்ச அளவு வரம்பே காக்கும் என்பது என் வாதம்.

இம்மீன் முக்கால் மீட்டர் வரை வளரக்கூடியது. குஞ்சுகள் கரையோரப் பாசித் திட்டுகளில் வளர்கின்றன. கலங்கிய நீரையும் தாங்கும் இயல்பு இவ்வினத்துக்கு உண்டு. ஒன்றிணைந்து அலகாகிவிட்ட பற்களால் பாறையைச் சுரண்டி, தொண்டையிலுள்ள இரண்டாம் பல்வரிசையால் அரைத்து, சுண்ணாம்புத் துகளை மணலாகக் கழிக்கிறது. இதற்கு இரைப்பை கிடையாது. 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளிறி மாண்ட பவளத்தின்மீது பாசி மூடினால் புதிய பவள இளவுயிரிகள் ஒட்ட இடமிராது. அந்த இடத்தைத் திறந்து வைப்பது இச்சுரண்டல்தான்.

இங்கே உடலளவு தீர்மானிக்கிறது. மீன் பெரிதாக ஆக ஒரு கடியில் சுரண்டும் பரப்பு வேகமாகக் கூடும். எடை சமமென்பதாலேயே பல சிறு மீன்கள் ஒரு பெரிய மீனுக்கு ஈடாகிவிடா. அதைவிட முக்கியமானது பால்மாற்றம். மஞ்சள் உடலில் நீலப்பட்டை கொண்ட பெண்களில் சில, வளர்ந்தபின் பச்சை கலந்த நீல நிற ஆண்களாகின்றன. பெரியவற்றையே தொடர்ந்து பிடித்தால் பெண்கள் சிறு உடலிலேயே மாறத் தள்ளப்படலாம். முட்டையும் குறையும், சுரண்டலும் குறையும்.

கிழக்குக் கடற்கரையின் 61 நாள் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கானது. கிளிமீனோ கீழக்கரைப் பக்கம் நாட்டுப்படகு மீனவர் பாரில் இறக்கும் கூடுகளில் அகப்படுவது. பாலக்கோட்டை அடுத்த பஞ்சப்பள்ளி சின்னாறு அணை போன்ற நீர்த்தேக்கங்களில் கெண்டைக் குஞ்சு விட்டு இருப்பை நிரப்பலாம். பார்மீனுக்கு அவ்வழி இல்லை. கடலில் உள்ள பெரிய மீன்களே அதன் விதையிருப்பு.

கூட்டில் விழும் மீன் உயிரோடிருக்கிறது, ஆழமும் குறைவு. ஆகவே பெரியதைத் திரும்ப விடுவது நடைமுறைக்கு உகந்ததே. வலையில் இது எளிதல்ல. கடல் சூடேறுவதை எந்த மீனும் தடுக்காது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் வெப்பம் தணிந்தபின் பார் மீளுமா என்பதில் சுரண்டும் மீனுக்குப் பங்குண்டு. வலுவான மறுப்பு வேறு: பெரிய மீனுக்கே விலை அதிகம். அந்த இழப்பைக் கூடு வைப்பவர் மட்டும் சுமக்கும்படி வரம்பு விதித்தால் அது ஏட்டில் நிற்கும். விதியோடு ஈட்டுத்தொகையையும் மீன்வளத்துறை சேர்த்தே அறிவிக்க வேண்டும்.