கட்டணமில்லாத ஓர் ஆண்டு

1867ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்னும் நான்கு மாகாணங்கள் சேர்ந்து கனடா என்ற கூட்டாட்சி உருவாயிற்று. அதன் 150ஆம் ஆண்டு நிறைவு 2017இல் கொண்டாடப்பட்டபோது அரசு மக்களுக்கு ஒரு பரிசு அளித்தது. நாட்டின் தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய அந்த ஆண்டு முழுவதும் எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை! அண்டை நாடான அமெரிக்கா, தன் தேசியப் பூங்காத் துறையின் நூற்றாண்டு விழாவின்போது (2016) 16 நாள்களுக்கே இச்சலுகையை வழங்கியிருந்தது.

இப்பூங்காக்கள் பிறந்த கதையை முதலில் பார்ப்போம். 1883இல் ராக்கி மலைத்தொடரில் இருப்புப்பாதை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் சிலர், பான்ஃப் என்னுமிடத்தில் வெந்நீரூற்றுகளைக் கண்டனர். அவை யாருக்குச் சொந்தம் என்று சச்சரவு எழுந்தது. 1885இல் அரசு தலையிட்டு, ஊற்றுகளைச் சுற்றி ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தன் வசம் ஒதுக்கிக்கொண்டது. ஈராண்டுகளில் அது விரிவுபெற்று, கனடாவின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. ரயில் கம்பெனிக்கோ பயணிகள் வேண்டும்; ஆகவே 1888இல் அங்கே ஒரு பெரிய ஓட்டலைத் திறந்தது. இயற்கையைக் காப்பதைவிட வருவாயே அன்று முதன்மையாக இருந்தது எனலாம். பூங்காக்களுக்கென 1911இல் ஒரு தனித்துறை ஏற்பட்டது. உலகில் இத்தகைய முதல் துறை இதுவே. 1930ஆம் ஆண்டுச் சட்டம், பூங்காக்கள் மக்களின் பயனுக்கும் கல்விக்கும் மகிழ்ச்சிக்கும் உரியவை என்றது. வருங்காலத் தலைமுறைக்கு அவை கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்றும் விதித்தது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை.

2017இல் இந்த மோதல் முற்றிவிடுமோ எனப் பலர் அஞ்சினர். கூட்டம் பெருகியது உண்மைதான். 2017-18ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் சுமார் 2 கோடியே 70 இலட்சம் வருகைகள் பதிவாயின. பான்ஃபில் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல். ஆயினும் முந்தைய ஆண்டிலேயே பான்ஃபின் எண்ணிக்கை 40 இலட்சத்தை நெருங்கிவிட்டது. கட்டணம் நீங்கியதால் வெள்ளம் மடை உடைத்துக்கொண்டு வரவில்லை. காரணம் எளிது. பான்ஃபில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் 2016இல் 9.80 டாலர். டொரான்டோவாசி ஒருவர் சாலை வழியே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, பெட்ரோலுக்கும் தங்குமிடத்துக்கும் செலவிடும் தொகையில் இது எம்மாத்திரம்? மேலும் கூடாரம் அடிப்பதற்கான கட்டணம் அந்த ஆண்டிலும் நீடித்தது. ஏழைக் குடும்பத்தைத் தடுத்து நிறுத்தியது வாயிற்கட்டணம் மட்டுமன்று. அதைவிட நெடுந்தொலைவு என்பதே என் கருத்து.

கூட்டத்திற்கு எல்லை வகுத்தது வேறொன்று: கார் நிறுத்துமிடம்! பான்ஃபிலுள்ள மொரெய்ன் ஏரியின் கரையில் இடம் மிகக் குறைவு. டிக்கெட் இல்லாவிட்டாலும் இடம் நிரம்பினால் வண்டி திரும்பவேண்டியதுதான். 2023 முதல் அவ்வேரிச் சாலையில் சொந்தக் கார்கள் செல்ல அனுமதியில்லை, பேருந்துகளே செல்கின்றன. சலுகையின் சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2018 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நுழைவு இலவசமாயிற்று. 2025 கோடையிலும் சில வாரங்களுக்கு அனைவருக்கும் கட்டணம் நீக்கப்பட்டது.

ஆனால் இப்பரிசைப் பெறுவதில் ஒரு சாராருக்குக் கசப்பு இருந்தது. பான்ஃப் நிலப்பகுதியில் தொன்றுதொட்டு வேட்டையாடி வாழ்ந்தவர்களுள் ஸ்டோனி நக்கோடா மக்களும் அடங்குவர். 1877இல் ஏழாவது உடன்படிக்கையில் அவர்களும் கையொப்பமிட்டனர். அரசு விதிகளுக்கு உட்பட்டு வேட்டையாடலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. பூங்கா வந்தபின் அவ்விதிகளே அவர்களை அங்கிருந்து விலக்கின. ஆண்டுக்கொருமுறை உல்லாசப் பயணிகள் கண்டு களிக்க ஆடைஅணிகளுடன் அவர்கள் அழைக்கப்பட்டனர்! பாட்டன் பூட்டன் நடந்த நிலத்தில் இலவச விருந்தினராக நுழைவதை அவர்களுள் ஒருவர் எப்படிக் கொண்டாடுவார்?

அதே 2017 பிப்ரவரியில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பான்ஃபின் காடுகளில் தன்னியல்பாகத் திரியாதிருந்த பைசன் என்னும் காட்டெருமைகள் திரும்பக் கொண்டுவரப்பட்டன. எல்க் தீவுத் தேசியப் பூங்காவிலிருந்து 16 விலங்குகள், லாரியிலும் பின்னர் ஹெலிகாப்டரிலும் ஏற்றப்பட்டு, பாந்தர் பள்ளத்தாக்கில் இறக்கப்பட்டன. அவற்றுள் பத்துப் பசுக்கள் சினையாக இருந்தன. சாலை இல்லாத அப்பள்ளத்தாக்கில், வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் முதலில் பழக்கப்பட்டு, 2018 கோடையில் அவை திறந்தவெளிக்குள் விடப்பட்டன.