பாராசாரியின் கால்கள்

அனுமந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளங்களை நோக்கி இறங்கும் மண்பாதையில் அண்மையில் ஒரு குதிரையைக் கண்டேன். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்வந்த குதிரை. முன்னங்கால் ஒன்றை ஊன்றத் தயங்கி நின்றது. "முள்ளு குத்தியிருக்கும் சார், தேடினோம், ஆப்படல" என்றார் வளர்க்கும் பெரியவர். குளம்பில் முள் இல்லை. முழங்கால் மூட்டு வீங்கியிருந்தது.

இக்கடற்கரைக்குக் குதிரை புதிதன்று. வடக்கே நீர்ப்பெயற்றில் நாவாய்கள் குதிரை கொணர்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படையும், தெற்கே காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலையும் சொல்கின்றன. மேற்கே செஞ்சியில் 1714இல் மாண்ட தேசிங்குராஜனின் கதைப்பாடலில் குதிரை பாராசாரி அரசனுக்கு நிகரான பாத்திரம். குதிரை திருடப்போய்க் கால் இழந்தவனுக்காக நொண்டி நாடகம் என்றொரு சிற்றிலக்கியமே நம்மிடம் உண்டு. நொண்டும் குதிரைக்குத்தான் இலக்கியம் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். அவர் கூறும் காரணம், பேணத் தெரிந்தவர் இல்லை என்பது. குதிரை வைத்தியர் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனராம். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். அறியாமை ஒரு வாணிபச் சரக்காக இருந்தது என்ற செய்தி நெஞ்சை உறுத்துகிறது.

வடமொழியில் சாலிஹோத்திரர் மரபு நெடியது. ஜயதத்தரின் அசுவவைத்தியகம் நோயும் மருந்தும் கூறும். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ண ஓவியங்களுடன் பதிப்பித்தது. சுழியும் நிறமும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் மூட்டுக்குள் நடப்பதைச் சுழி சொல்லாது.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. அது தேயும்போது தன் வலியைத் தானே சொல்லாது; சுற்றியுள்ள சவ்வும் அடியெலும்பும் புண்பட்ட பிறகே குதிரை நொண்டும். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743இல் இலண்டனில் எழுதினார். இன்றுவரை அக்கூற்று பெரிதும் மாறவில்லை. ஆகவே முந்திக் கண்டறிவதுதான் வைத்தியத்தின் பாதி.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டை டாபின் ஹாலில் தொடங்கிற்று. இன்றைய மருத்துவர் முதலில் குதிரையின் நடையைப் பார்க்கிறார். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலெழும். மூட்டைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடச் செய்கிறார். ஐயமிருந்தால் மூட்டுக்குள் மரப்பு ஊசி. நொண்டல் மறைந்தால் நோயிடம் அதுவே. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், குருத்தெலும்பைக் காட்டாது. உள்நோக்கிக் கருவியை நுழைத்தால் நேரிலேயே காணலாம். வேகமாக வளரும் குட்டிகளில் குருத்தெலும்பு சரிவர எலும்பாகாமல் துண்டாகப் பெயர்வதுண்டு. அத்துண்டைச் சிறு துளைவழி எடுத்துவிடுகிறார்கள். முதிர்ந்த குதிரைக்கோ ஓய்வு, எடைக் குறைப்பு, சீரான குளம்பு, வீக்கம் தணிக்கும் மருந்து, மூட்டுக்குள் ஹயலூரானிக் அமில ஊசி ஆகியவையே உண்டு. இவை வலியைத் தணிக்கும். தேய்ந்ததைத் திருப்பித் தாரா.

பெரியவரிடம் இதைச் சொல்லி, கால்நடை மருத்துவரை அழைத்து வந்தோம். தார்ச்சாலையில் மேளத்துக்கு ஆடிய கால். இனி ஆட்டக்கூடாது என்றார் மருத்துவர். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு மாசமா தலைய ஆட்டி ஆட்டித்தான் நடந்துச்சு. ஜோரா நடக்குதுன்னு நெனச்சேன்" என்றார். அந்தத் தலையாட்டலை மெச்சி மணமகன் வீட்டார் கூடுதலாகக் காசு கொடுத்ததும் உண்டாம்.

திரும்பும் வழியில் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்தேன். தூண்போன்ற கால்கள், மூட்டே இல்லை. நாம் வணங்கியதும் பாடியதும் அந்தக் குதிரையைத்தானோ?