எலிபன்ட் பாய் (திரைப்படம்)

எலிபன்ட் பாய் (யானைச் சிறுவன்) 1937 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமாகும். ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய ஜங்கிள் புக் (1894) தொகுப்பிலுள்ள "டூமாய் ஆஃப் தி எலிபன்ட்ஸ்" என்ற சிறுகதையைத் தழுவியது. இலண்டன் ஃபிலிம்ஸ் நிறுவனத்துக்காக அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த இப்படத்தை ராபர்ட் ஃபிளாகர்ட்டி, சோல்ட்டான் கோர்டா ஆகியோர் இயக்கினர். யானைப்பாகன் மகனாக சாபு அறிமுகமானார்.

== கதை ==
சிறுவன் டூமாய் வேட்டைக்காரனாக விரும்புகிறான். காட்டு யானைகளைப் பிடிக்கச் செல்லும் பீட்டர்சன் என்ற வெள்ளையரின் குழுவில் தன் தந்தையுடனும் காலா நாக் என்ற யானையுடனும் சேருகிறான். பல நாட்களாகியும் யானைக் கூட்டம் கண்ணில் படவில்லை. ஓரிரவு தந்தையைப் புலி கொன்றுவிடுகிறது. துயரத்தில் வெறிகொள்ளும் காலா நாக், தன்னை அடித்துத் துன்புறுத்தும் புதிய பாகனைக் காயப்படுத்துகிறது. யானையைக் கொல்ல வேண்டுமென்ற பேச்சு எழவே, சிறுவன் அதனுடன் இரவோடிரவாகக் காட்டுக்குள் ஓடுகிறான். அங்கே எந்த மனிதனும் கண்டிராததாகச் சொல்லப்படும் யானைகளின் நடனத்தைக் காண்கிறான்.

மூலக்கதையில் டூமாய் அநாதை அல்லன். தாய், தந்தை இருவரும் உயிருடன் உள்ளனர். கதை நிகழ்வதும் வடகிழக்கே காரோ மலைகளில். தந்தையின் மரணம் திரைக்கதையில் சேர்க்கப்பட்டதே. இம்மாற்றத்தால் யானையைக் காப்பது சிறுவனுக்கு எஞ்சியுள்ள ஒரே உறவைக் காப்பதாகிறது. கிப்ளிங்கின் கதையில் இந்த அழுத்தம் இல்லை. எனினும் சிறுவனின் தகுதியை அங்கீகரிக்கும் உரிமை இறுதிவரை வெள்ளை அதிகாரியிடமே உள்ளது. இவ்வகையில் படம் தன் காலத்தைத் தாண்டவில்லை.

== சாபு ==
சாபு 1924 ஆம் ஆண்டு மைசூர் சமத்தானத்தில் கபினி ஆற்றங்கரையிலுள்ள காராப்பூரில், யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மைசூர் அரண்மனை யானைக் கொட்டிலின் ஆதரவில் வளர்ந்தார். படக்குழுவினர் அவரைக் கண்டதும் அங்கேதான். டூமாய்க்குத் திரைக்கதை அளித்த அநாதை நிலை நடிகருக்கு முன்பே நேர்ந்திருந்தது.

பின்னர் இங்கிலாந்து சென்று த தீஃப் ஆஃப் பாக்தாத் (1940), மௌக்லியாக ஜங்கிள் புக் (1942) முதலிய படங்களில் நடித்தார். 1944 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு வானூர்தியில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். 1963 திசம்பர் 2 அன்று மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 39.

== படப்பிடிப்பு ==
வெளிப்புறக் காட்சிகளை ஃபிளாகர்ட்டி மைசூர்ப் பகுதியில் எடுத்தார். ஆவணப்பட இயக்குநரான அவர் நிதானமாகப் படம்பிடித்ததால் செலவு பெருகியது. எஞ்சிய காட்சிகள் சோல்ட்டான் கோர்டாவின் பொறுப்பில் இங்கிலாந்தின் டென்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டன. காட்டின் உயிரோட்டமும் உரையாடல்களின் செயற்கைத்தன்மையும் அருகருகே தென்படுவது இதனால்தான். 1937 வெனிசுத் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருது இருவருக்கும் கிடைத்தது.

== நீலகிரித் தொடர்பு ==
காராப்பூரைச் சூழ்ந்த காடு பந்திப்பூர் வழியாக நீலகிரி மாவட்டத்தின் முதுமலையுடன் தொடர்கிறது. இப்பகுதிகள் 1986 இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் அடங்கும். காராப்பூருக்கு அருகே காக்கனகோட்டையில் யானைக் கூட்டங்களை வளைத்துப் பிடிக்கும் கெத்தா கடைசியாக 1971 இல் நடந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுக்கப்பட்ட த எலிபன்ட் விசுபரர்சு (2022) ஆவணக் குறும்படம் 2023 இல் ஆசுக்கர் விருது பெற்றது. அதில் அநாதையாக வருவது யானைக்கன்று, வளர்ப்பவர்கள் மனிதர்கள்.