உள்ளதும் காட்டுவதும்: திருவண்ணாமலையில் மெய்ம்மைவாதம்

மெய்ம்மைவாதம் என்னும் சொல் தத்துவத்தில் ஒரு பொருளையும் கலையில் வேறொரு பொருளையும் தருவது. காண்பவர் எவரும் இல்லாதபோதும் உலகம் தன்னளவில் உள்ளது என்பது தத்துவ மெய்ம்மைவாதம். வாழ்க்கையை அழகுபடுத்தாமல் உள்ளபடியே தீட்டவும் எழுதவும் வேண்டும் என்பது கலை மெய்ம்மைவாதம். யதார்த்தவாதம் என்னும் பெயரே இதற்குப் பெருவழக்கு. 1855-இல் குர்பே என்னும் பிரெஞ்சு ஓவியர் பாரிசில் தம் படங்களுக்கெனத் தனிக் கூடம் அமைத்து அதற்கு இப்பெயரையே சூட்டினார். இவ்விரண்டில் ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்பார் என்று எண்ணத் தோன்றும். திருவண்ணாமலையின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை.

இவ்வூரைப் போலவே நடுநாட்டுப் பாடல்பெற்ற தலமான திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிவஞானபோதத்தில் உலகத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அது தோன்றி நின்று ஒடுங்குவதையே சான்றாக வைத்து இறைவனை நிறுவுகிறார். உலகம் பொய்த்தோற்றமானால் இந்த வாதம் முதலடியிலேயே சரிந்துவிடும். ஆகவே சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது மயக்கத்தைக் குறிப்பதன்று. குடத்துக்கு மண் போல உலகத்துக்கு முதற்காரணமாக நிற்கும் உள்பொருள் அது. இல்லாதது எதுவும் புதிதாகத் தோன்றுவதில்லை, காரியம் தன் காரணத்துக்குள் முன்பே நுண்ணிதாக உள்ளது என்னும் சற்காரியவாதம் இதற்கு அரண். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுத்த பதினான்கு கொள்கைகளுள் உலகம் பொய்த்தோற்றம் என்னும் மாயாவாதமும் ஒன்று. இச்சித்தாந்தத்தை ஓதி வளர்த்த மடங்களுள் ஒன்றின் பெயரில், அது குன்றக்குடியில் நிலைகொண்ட பின்னரும், திருவண்ணாமலை நீங்காதிருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் மெய்ம்மைவாதம் என்பதற்கு மூன்றாவது பொருளும் இருந்தது: தனித்தனிக் குதிரைகளுக்கு அப்பால் 'குதிரைமை' என்னும் பொதுமையும் உண்மையாக உள்ளது என்பது அக்கொள்கை. இதற்கு இணையான எண்ணம் ஒன்று தமிழகத்திலும் தென்படுகிறது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு நெய் அளக்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டு, அவை 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கப்படுகின்றன. ஆடுகள் மூப்படைந்து சாகும், ஆனால் மந்தையின் தொகை குறையலாகாது என்பது இதன் பொருள். தத்துவ நோக்கம் எதுவுமின்றி, விளக்கு அணையக்கூடாது என்ற கவலையொன்றாலேயே பொதுமைக்கு நிலைபேறு தந்த அழகிய வழக்கு இது.

உலகம் உள்பொருள் என்ற நெறி தழைத்த இந்நாட்டில் சிற்பி கண்ணெதிரே உள்ள உடலைப் படியெடுக்கவில்லை. முக நீளத்தை அலகாகக் கொண்ட தால அளவுகளின்படியே உருவங்களைச் செதுக்கினார். தம் தலைநகரான துவாரசமுத்திரம் டில்லிப் படைகளால் சிதைவுற்ற பின் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு, மதுரை சுல்தானுடன் நடந்த போரில் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் பெயரைக் கோயில் கோபுரம் ஒன்று தாங்குகிறது. அவருடைய சிலையும் அதில் உள்ளது. எனினும் அம்மன்னரை இவ்வூருக்கு மெய்யாக்குவது சிலையைவிட ஒரு சடங்கே. பிள்ளைப்பேறு இல்லாத வல்லாளருக்குக் கோயில் இறைவன் அண்ணாமலையாரே மகனானார் என்பது தலபுராணச் செய்தி. தை மாதத்தில் ஆற்றுத் தீர்த்தவாரிக்குச் செல்லும் இறைவனுக்கு மன்னர் இறந்த செய்தி எட்டுவதாகவும், அவர் மேளதாளம் இன்றிக் கோயிலுக்குத் திரும்புவதாகவும் விழா அமைந்துள்ளது. பின்னர் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் தந்தைக்குச் செய்வது போலத் திதி கொடுக்கிறார். சாயலைக் காட்டி ஒருவரை நினைவூட்டுவது கலை; முறையைச் செய்து அவரோடு உறவாகவே இருப்பது இந்த வழக்கம், இரண்டில் பின்னதே ஆழமானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சித்தாந்தத்தின் நேர் எதிர்முனை இதே மலையடிவாரத்தில் ஒலித்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கு வந்து சேர்ந்த ஞானி ரமணர் 1928-இல் இயற்றிய உள்ளது நாற்பது, தலைப்பிலேயே வழக்கின் மையச் சொல்லை எடுத்துக்கொள்கிறது. உலகம் முன்பே படைக்கப்பட்டிருக்கிறது, பிறகு காணப்படுகிறது என்பது சிருஷ்டி-திருஷ்டி வாதம். காண்பதோடு உடன் எழுவதே உலகம் என்பது திருஷ்டி-சிருஷ்டி வாதம். ரமணர் பெரிதும் பின்னதன் பக்கம் நின்று, திரையில் ஓடும் படத்தை உவமையாக்கி, படங்கள் வந்து போனாலும் திரை மாறாதிருப்பதைச் சுட்டினார். ஆன்மாவுக்கு வேறாகக் கருதப்படும்போதே உலகம் பொய், ஆன்மாவாக அறியப்படும்போது அதுவும் மெய் என்பது அவர் நிலை. அவரை உலகை மறுத்தவர் என்று சுருக்கிக் கூறுவது பெருந்தவறு. விடியுமுன் ஆசிரமச் சமையற்கட்டில் காய்கறி நறுக்கியதிலும், புத்தகங்களுக்குக் கட்டடம் செய்ததிலும் அவர் காட்டிய நுணுக்கம் உலகப் பொருள்களை மதிக்காத ஒருவருக்கு வாய்ப்பதன்று.

கண்முன் உள்ளதையே பதிவது புகைப்படக் கருவி. அக்கலையின் தலைசிறந்தவர்களுள் ஒருவரான ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் ரமணரின் இறுதி நாள்களில் இவ்வூரில் இருந்து அவரைப் படமெடுத்தார். காண்பானுக்கு வேறான உலகம் இல்லை என்றவரை, எதிரே ஒரு பொருள் இருந்தாலன்றி இயங்காத கருவி பதிந்துகொண்டது. ஏப்ரல் 14 இரவு 8:47-க்கு ரமணர் மறைந்த வேளையில் மலையை நோக்கி விரைந்த ஒளியொன்றைக் கண்டதாகக் கார்த்தியே-பிரெசோனும் கூறினார். அந்த ஒளி கண்டவர்களின் சொற்களிலேயே வாழ்கிறது.

1975-இல் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழியே யதார்த்தம் இவ்வூரில் வேறொரு கேள்வியாக மாறியது: உலகம் உண்டா என்பதோ, உருவம் ஒத்திருக்கிறதா என்பதோ அன்று, எவருடைய வாழ்க்கை இதுவரை எழுதப்படவில்லை என்பது. திருவண்ணாமலையில் விடிய விடிய நடந்த கலை இலக்கிய இரவுகளில், உழைப்பவரின் அன்றாடத்தை உள்ளபடி எழுத வேண்டும் என்று பேசிய எழுத்தாளர்களும், பறையும் கூத்தும் நிகழ்த்திய நாட்டுப்புறக் கலைஞர்களும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டனர். அரிதாரம் பூசி மரக்கிரீடம் தரித்து மன்னராக ஆடுபவரின் அன்றாடமும், அங்கே பேசப்பட்ட அந்த எழுதப்படாத வாழ்க்கையில் அடங்கும்.